தனுஷ்கோடியும் உல்லாசப் பிரயாணமும்

சென்ற மார்கழியில் நம் கல்லூரி விளம்பரப் பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. "தனுஷ்கோடிக்கு உல்லாசப் பிரயாணம். விருப்பமுள்ள மாணவர்கள் உடனே பெயர் கொடுக்க" என்பது அதன் வாசகம். வழக்கம்போல் ஒரு பகலுக்குள் இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. மறுநாட் காலையில் நாம் அவ்வழியே சென்றபோது, 'உல்லாச' என்னும் சொல்லை மட்டும் யாரோ பென்சிலால் அடித்திருப்பதைக் கண்டோம். விளையாட்டுத்தனம் என்றே முதலில் எண்ணினோம். விசாரித்ததில் அடித்தவர் பாம்பன் பக்கத்து மாணவர் ஒருவர் என்று தெரியவந்தது. அழைத்துக் கேட்டோம். அவர் மறுக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. "ஐயா, எங்கள் பாட்டி அந்த ஊரில் பிறந்தவர்கள். அங்கே போவதை எங்கள் வீட்டில் யாரும் உல்லாசம் என்று சொல்லுவதில்லை" என்று மட்டும் சொல்லி நின்றார்.

ஒரு சொல்லுக்காக இத்தனை ஆராய்ச்சி வேண்டுமோ என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நாமும் அன்றைக்கு அவ்வாறே எண்ணி, அறிவித்தலை அடிபட்டபடியே விட்டுவிட்டு வகுப்புக்குச் சென்றோம். ஆனால் அம்மாணவர் சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. பிரயாணத்துக்கு நாமும் பெயர் கொடுத்தோம். போய்வந்த பின்னரே இதை எழுதுகிறோம்.

கடற்கரைக்கு இன்பம் நாடிச் செல்லுதல் பிற்காலத்தார் கண்ட புது வழக்கம் என்று பலர் கருதுகின்றனர். மேனாட்டைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் உண்மையே. இங்கிலாந்திலே பிரைட்டன் என்னும் ஊர் முன்னாளில் ஒரு சிறிய மீன்பிடிக் கிராமம். ரஸ்ஸல் என்ற வைத்தியர் 1750-ஆம் ஆண்டில் கடல்நீரின் மருத்துவ குணத்தைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். நோயாளிகள் நீராட வந்தனர்; அவர்களைப் பின்பற்றி நோயில்லாதாரும் வந்தனர்; இளவரசர் ஒருவர் வந்து மாளிகை கட்டினார். 1841-இல் லண்டனிலிருந்து புகைவண்டி வரவே, ஏழை எளியவரும் ஞாயிறுதோறும் வந்து குவிந்தனர். மருந்தாகத் தொடங்கியது விருந்தாக முடிந்தது. சென்னையிலும் கிராண்ட் டஃப் கவர்னராயிருந்த 1880-களில் கடற்கரையோரம் உலாவும் பாதை அமைத்து அதற்கு மெரினா என்று அந்நிய நாட்டுப் பெயரையும் சூட்டினார்கள்.

ஆனால் நம் சேதுக்கரையில் மக்கள் நீராடிய வழக்கம் ரஸ்ஸலுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. காசிக்குச் சென்றவர் சேதுவிலும் மூழ்கினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது நாடெங்கும் நிலவும் நம்பிக்கை. சேதுவின் மணலை முடிந்துகொண்டு போய்ப் பிரயாகையிற் கங்கையில் இடுவதும், அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் இன்றும் நடைபெறுகின்றன. இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி எனப்பட்டதும் இச்சேதுவைக் காப்பவர் என்ற பொருளிலேதான். யாத்திரிகர் அனைவரும் கண்ணைமூடித் தியானித்துக்கொண்டே வந்து போயினர் என்று நாம் நம்பவில்லை. குழந்தைகள் அன்றும் மணலில் விளையாடியிருப்பார்கள்; பெண்டிர் சங்கும் சிப்பியும் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள். புண்ணியத்தையும் பொழுதுபோக்கையும் இடையே சுவரெழுப்பிப் பிரித்தல் நம்மவர் வழக்கமன்று. ஆகவே கடற்கரையில் களிப்படைவது குற்றம் என்பது நமது கட்சியன்று. இதை முதலிலேயே சொல்லிவைத்தல் நலம்.

இனித் தனுஷ்கோடிக்கு வருவோம். பிரைட்டனை உண்டாக்கியது போலவே தனுஷ்கோடி என்னும் பட்டினத்தை உண்டாக்கியதும் புகைவண்டிதான். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் கொழும்புக்குப் போவோர் தூத்துக்குடி சென்று கப்பலேறினர். பாலம் வந்தபின் சென்னையில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்குக் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மறுபடியும் புகைவண்டியிற் கொழும்பு செல்லலாயினர். இர்வின், கோஷன் என்னும் இரு கப்பல்களை நம் பழைய மாணவரில் மிக முதியோர் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இவ்வழியே வந்தே தமிழ்நாட்டுக் கல்லூரிகளிற் பயின்றனர். கப்பலுக்காக ரயில் நிலையம், ரயிலுக்காகச் சுங்கச்சாவடி, அதிகாரிகளுக்காக வீடுகள், வீடுகளுக்காகப் பள்ளிக்கூடம், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, மாதாகோயில், யாத்திரிகருக்காகச் சத்திரங்கள் என ஒன்றன்பின் ஒன்றாய் அந்த மணல்திட்டில் ஊர் வளர்ந்தது.

அத்துறை வழியே சென்றவரெல்லாம் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். ஒரே கப்பலிலே மேல்தளத்திற் காற்று வாங்கிச் சென்ற கனவானும் இருந்தார். மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லை என்று சான்று பெற்று, தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாய்ச் சென்ற குடியானவரும் இருந்தார். பிற்காலத்தில் இதே கடலைக் கடந்து அகதிகளும் வந்தனர். 1983-க்குப்பின் ஆயிரக்கணக்கானோர் இக்கரையில் இறங்கினர். 2022-இல் இலங்கையில் நேர்ந்த பொருள் நெருக்கடியின்போதும் படகுக்காரர் சில குடும்பங்களை அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் தீடைகளில் இறக்கிவிட்டுச் சென்றதைப் பத்திரிகைகளிற் படித்தோம். இன்று நாம் நின்று படம் பிடித்துக்கொள்ளும் முனை, வேறொருவருக்கு உயிர் தப்பிவந்த கரையாயிருந்திருக்கிறது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை அறியாதார் இலர். எனினும் கேட்டுக் கேட்டுப் பழகிய கதையாகிவிட்டபடியால், அதை ஒருமுறை நிறுத்தி நினைப்பது தகும். புயல் இலங்கையைக் கடந்து இக்கரை நோக்கி வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி புறப்பட்டது. நள்ளிரவையொட்டி, ஊர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், பேரலை ஒன்று எழுந்து வண்டியை முழுமையும் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். சீட்டு வாங்காது ஏறியவரும் இருந்திருப்பராதலின் திட்டமான கணக்கு எவரிடமும் இல்லை. ஊரின் கணக்கோ அதனினும் மங்கலானது. ஆயிரத்தெண்ணூறு என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். அதுவும் மதிப்பேயன்றி எண்ணிக்கையன்று. பாம்பன் பாலத்தின் இரும்புத் தளங்களிற் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. கப்பல்களுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது.

இதற்குப்பின் நடந்தது எவர்க்கும் சிந்தனை தருவது. பாலத்தைச் செப்பனிட ஸ்ரீதரன் என்னும் இளம் எஞ்சினீயரை அனுப்பினார்கள். கடலில் விழுந்த இரும்புத் தளங்களைத் தேடியெடுத்து மீண்டும் தூண்கள்மேல் ஏற்றி, 46 நாளில் அவர் வேலையை முடித்தார். அச்சாதனையை நம் எஞ்சினீயர்கள் இன்றளவும் பெருமையாய்ப் பேசுகிறார்கள், பேசத் தக்கதுதான். ஆனால் பாலம் 46 நாளில் எழுந்தது, ஊரோ எழவேயில்லை. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசாங்கத்தார் அறிவித்தனர். தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறி, அங்கிருந்தும் 1980-களில் நின்றுபோயிற்று. 2019-இல் தனுஷ்கோடிக்கு ரயில்பாதை அமைக்க அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லைப் பின்தொடர்ந்து தண்டவாளம் வரவில்லை.

அரசாங்கத்தார்மீது பழி சுமத்துதல் எளிது. இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல் நாக்கின்மேல் மீண்டும் ஒரு பட்டினத்தை எழுப்பி, மறுபடியும் ஓரிரவில் அதைக் கடலுக்கு இரையாக்குவதா என்று அன்று அவர்கள் அஞ்சியிருந்தால் அது நியாயமே. நமக்குப் புலப்படாதது வேறொன்று. வாழத் தகாது என்று சொன்ன இடத்திலே மக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். புயல் அடங்கியபின் மீனவர் சிலர் திரும்பி வந்தனர். கடல் அங்கே இருக்கையில் அவர்கள் வேறெங்கே போவர்? ஓலைக் குடிசை கட்டினர், கரைவலை இழுத்தனர், மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தனர். இருபுறமும் உவர்க்கடல் இருக்க, நடுவே கையளவு பள்ளத்தில் இனிய நீர் சுரப்பது இத்தீவில் இயற்கை காட்டும் அதிசயங்களுள் ஒன்று. அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் பின்னாளில் வந்தது.

நெடுங்காலம்வரை அங்குச் செல்ல நல்ல வழி கிடையாது. மணலிலும் நீரிலும் ஓடவல்ல வேன்களில் தலை கூரையில் இடிக்கக் குலுங்கிக்கொண்டே போகவேண்டும். 2017-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9½ கிலோமீட்டர் நீளமுள்ள தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்றுமுதல் ஜனங்கள் வெள்ளம்போல் வருகிறார்கள். சாலை வந்த வேகத்தில் மின்சாரக் கம்பி வரவில்லை. சாலை திறந்து பல ஆண்டு சென்ற பின்னும் அக்குடிசைகளிற் சூரிய ஒளித் தகடுகளே விளக்கேற்றின. நமது ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. குடியிருக்க ஆகாத மண், கூத்தாட மட்டும் ஆகுமோ? வாழ்வோர்க்கு ஒரு நியாயமும் வருவோர்க்கு வேறொரு நியாயமும் எங்ஙனம் பொருந்தும்?

நாம் சென்ற கதையைச் சிறிது சொல்லுவோம். தை பிறந்து சில நாள் கழித்து மதுரையில் ரயிலேறினோம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின்மேல் வண்டி மெதுவாய் ஊர்ந்தது. பக்கத்திலே பழைய பாலம், நூறாண்டுக்கு மேல் சுமந்தது போதுமென்று ஓய்ந்து நிற்கிறது. மாணவர் அனைவரும் சன்னலோரம் நெருங்கிக் கூச்சலிட்டனர். பாம்பன் மாணவர் மட்டும் தம் இருக்கையை விட்டு அசையவில்லை. அவருக்கு அது வீட்டு வாசல்போலும் என்று நினைத்தோம். இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தையும், ஈரத் துணியோடு இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கும் விரைவோரையும், நெடிய பிரகாரத்தையும் கண்டோம். அவற்றை இம்மலர் முன்னரே பன்முறை வருணித்திருத்தலின் விடுகிறோம்.

தனுஷ்கோடிச் சாலையின் அழகைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வடபுறத்துக் கடல் குளம்போற் கிடக்க, தென்புறத்துக் கடல் நுரை கக்கி முழங்குகிறது. அவ்வூரார் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் வழங்குவர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாளில் பெண் கடலும் சீறும் என்றார் எம்முடன் வந்த வேன் ஓட்டி. சொல்லிவிட்டுத் தம் மனைவியை நினைத்தோ என்னவோ சிரித்தார். ஆழமற்ற நீரிற் பூநாரைகள் செந்நிறச் சிறகை மடித்து நின்றன. 2025-இல் தமிழக அரசு இவ்விடத்தை அப்பறவைகளுக்குரிய சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பறவைகளுக்கு இவ்வூர் வாழத் தகுந்தது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஊரின் இடிபாடுகளிடையே இறங்கினோம். மாதாகோயிலின் சுவர்கள் பவளக்கல்லின் எலும்பு தெரிய நிற்கின்றன. கூரையில்லை. பலிபீடம் இருந்த மேடைமீது ஓர் இளைஞர் கூட்டம் ஏறி நின்று, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எந்த வேனிலிருந்தோ சினிமாப் பாட்டு பெருஞ்சத்தத்தோடு கேட்டது. அவர்களை வைவதற்கு நமக்கு வாயெழவில்லை. ஏனெனில் நம் மாணவர் சிலரும் அவ்வரிசையிற் காத்து நின்றனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அங்கே அழுதவர், மணம் புரிந்தவர், குழந்தைக்குப் பெயரிட்டவர் இருந்தனர் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாமும் ரயிலில் வரும்போது வேறு கதைகளைப் பேசிவந்தோம்.

சிப்பி மாலை விற்கும் ஒரு முதியவளிடம் நின்றோம். நம்முடன் இருந்த மாணவர் ஒருவர், "பாட்டி, இங்கே ராத்திரியில் பேய் நடமாடுமாமே, உண்மையா?" என்று கேட்டார். அம்மூதாட்டி மாலையைக் கோத்துக்கொண்டே தலைநிமிராமற் சொன்னாள்: "வர்றவுக எல்லாம் இங்கன பேய் இருக்கான்னுதான் தம்பி கேக்குறாக. இங்கன தண்ணி இருக்கா, நீங்க என்னத்தக் குடிக்கிறீகன்னு ஒருத்தரும் கேட்டதில்ல." பின்பு நம்மை நோக்கி, "நாலு மாலை எடுத்துக்கிருங்கய்யா, பிள்ளைகளுக்கு ஆகும்" என்றாள். நாம் ஆறு எடுத்துக்கொண்டோம். அதனால் நம் வெட்கம் தீர்ந்ததென்று சொல்லமுடியாது.

தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். இது நம் மொழியில் விளைந்த சொல்லன்று. குடி பெயர்ந்த ஊரைப் பாழ் என்றும், பாழடைந்த ஊர் என்றும் நம்மவர் வழங்குவர். அச்சொல்லில் ஓர் இரக்கம் இருக்கிறது. இருந்தவர் இல்லையே என்ற ஏக்கம் இருக்கிறது. பேய் நகரம் என்பதிலோ செத்தவர் வேடிக்கைப் பொருளாகிறார், இருப்பவர் இல்லாதவராகிறார். சிப்பி கோக்கும் அம்மூதாட்டி பேயா? அவள் பேரன் நாள்தோறும் போகும் பள்ளிக்கூடம் பேய்களுக்கு நடத்துவதா? இச்சொல்லை நம் கல்லூரியார் எவரும் எழுத்திலோ பேச்சிலோ வழங்கலாகாது என்பது நமது முதல் வேண்டுகோள்.

சிலர், ஆங்குப் பிரயாணிகள் செல்வதையே தடுத்துவிடலாம் என்பர். நமக்கு இது சம்மதமன்று. கடற்றொழில் இப்பக்கத்தில் நாளுக்கு நாள் நெருக்கடிக்கு உள்ளாகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. போகும் நாளிலும் எல்லை தாண்டினர் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் வாடுவோர் இத்தீவில் பலர். இந்நிலையில் பொரித்த மீனும் சிப்பி மாலையும் விற்று வரும் காசு பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது. வருவோரைத் தடுத்தால் வயிற்றிலடிப்பதாகும்.

வேறு சிலர், இங்கே பெரிய ஹோட்டல்களும் கேளிக்கைக் கூடங்களும் நீர் விளையாட்டுகளும் அமைத்து, மேனாட்டுக் கடற்கரைப் பட்டினங்களைப்போல் ஆக்கிவிட வேண்டும் என்பர். இவர்கள் 1964-ஐ மறந்தவர்கள். அன்று அப்பட்டினம் அழிந்தது புயலின் வலிமையால் மட்டுமன்று, கடல் ஏறிவரும் இடத்திலே கட்டிடங்களும் மக்களும் நெருங்கியிருந்தமையாலுமாம். தவிர, தென்புறத்து மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் அடங்கிய கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. குருசடைத் தீவின் பவளப் பாறைகளைக் காண விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்திருக்கிறார்கள். அவற்றின் அருமையை நம் விலங்கியற் பேராசிரியர்கள் நம்மினும் நன்கறிவார்கள். ஆமைகள் இம்மணலிலேதான் முட்டையிடுகின்றன. வனத்துறையார் அம்முட்டைகளை எடுத்துக் காப்பகத்திற் பொரிக்கச் செய்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இரவெல்லாம் விளக்கெரியும் கேளிக்கைக் கூடம் ஒன்று கரையில் எழுந்தால், பொரித்த குஞ்சு கடலென்று எண்ணி விளக்கை நோக்கி ஊரும்.

பின் என்னதான் செய்யவேண்டும் என்று கேட்கலாம். அரசாங்கத்துக்கு யோசனை கூறும் தகுதி நமக்கு இருக்கிறதாக நாம் பாவிக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்லுவோம். பகலில் வந்து மாலையிற் போகும் ஆயிரக்கணக்கானோர்க்குச் சாலையிட்டுக் கொடுக்க முடிந்ததென்றால், அங்கேயே உறங்கி எழும் சில நூறு குடிகளுக்கு நல்ல தண்ணீரும், விளக்கும், புயல் வருமுன் ஏறிப் போக வண்டியும், புயலிலே ஒதுங்க உறுதியான ஒரு கட்டிடமும் கொடுப்பது முடியாத காரியமன்று. அவர்கள் அங்கே இருப்பது தெரியும் என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்; மற்றவை அதன்பின் எளிது. வருவோரும் மாலையில் போலீசார் திருப்பி அனுப்பும்வரை காத்திராமல் தாமே பொழுதோடு திரும்பலாம். அரிச்சல்முனையில் நீரோட்டம் வஞ்சகமானது. குளித்தலாகாது என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்து உயிரிழந்த இளைஞர் உண்டு. நம் மாணவருள்ளும் இருவரை முழங்கால் நீரிலிருந்து நாம் அதட்டி அழைக்க நேர்ந்தது.

நம் கல்லூரி செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதைச் சற்று அவசரமாகவே சொல்லுகிறோம். 1964-இல் பத்து வயதாயிருந்தவர்க்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவ்வூரின் தெருக்கள் எவை, எந்தக் கடைக்காரர் எங்கிருந்தார், கப்பல் வரும் வேளையில் ஊர் எப்படியிருந்தது, அந்த வண்டியில் யார் யார் ஏறினர் என்று சொல்லவல்லார் இராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்தாண்டு சென்றால் இரார். இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கே மதிப்பைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதிருக்கையில், ஒரு பெயரை எழுதிவைப்பினும் அது ஆதாயமே. வரலாற்று வகுப்பில் நெடுந்தொலைவு நாட்டு அரசர்களின் பட்டாபிஷேக ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். ஒரு பகல் ரயில் தூரத்திலுள்ள ஒரு பட்டினத்தின் தபால்காரர் பெயரை நம்மில் யாரேனும் அறிவோமா?

திரும்பி வந்தபின் மாணவர் சங்கக் கூட்டத்தில் இவற்றைச் சொன்னோம். விவாதம் சூடாகவே நடந்தது. பிரயாணம் என்றால் சிரித்து மகிழ்வதற்குத்தானே, இழவு வீட்டுக்குப் போவதுபோற் போகச் சொல்லுகிறீர்களே என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. சிரிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவ்வூரார் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிறோம் என்று அறிந்து சிரிக்கலாம் என்றோம். அவர் முழுமனத்தோடு ஒப்பினாரா என்பது ஐயமே. எனினும் சில தீர்மானங்கள் நிறைவேறின. வரும் ஆண்டு செல்லும்போது குடிதண்ணீரை நாமே கொண்டுபோவது. அங்குள்ளோர் ஊற்று நீரைத் தொடாதிருப்பது. பகலுணவை மூட்டை கட்டிச் செல்லாமல் அவ்வூர்க் கடைகளிலே உண்பது. வேனிற் பாட்டை நிறுத்தி வைப்பது. திரும்பும் வழியில் பாம்பனில் அரைநாள் தங்கிப் பெரியவர்கள் சொல்லுவதை எழுதிக்கொள்வது. அதற்கெனத் தடித்த குறிப்புப் புத்தகம் ஒன்றைச் சங்கத்துச் செலவில் வாங்கியாயிற்று. தனுஷ்கோடித் துறையில் கப்பலேறி இறங்கிய பழைய மாணவர் எவரேனும் இதைப் படிப்பாராயின், தம் நினைவிலுள்ளதை நான்கு வரியாவது எழுதியனுப்பும்படி வேண்டுகிறோம்.

அறிவித்தலின் வாசகத்தையும் மாற்ற இசைந்தார்கள். என்ன சொல் போடுவது என்பதில் மட்டும் ஒருமை ஏற்படவில்லை. 'கல்விப் பிரயாணம்' என்றால் ஒருவரும் பெயர் கொடார் என்று காரியதரிசி அஞ்சுகிறார். இப்போதைக்கு வெறும் 'பிரயாணம்' என்று எழுதுவதாக முடிவு.

பாம்பன் மாணவர் தம் பாட்டியைக் கேட்டு வந்திருக்கிறார். அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமியாயிருந்த அவ்வம்மையார், அத்தை வீட்டுக்கென்று பாம்பன் வந்திருந்தமையால் அவ்விரவு தப்பியவராம். இதுகாறும் வீட்டில் அதைப்பற்றி வாய்திறந்ததேயில்லையாம். பிள்ளைகள் வந்தால் வரட்டும், ஆனால் இருட்டுமுன் வரவேண்டும், தமக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.